வெள்ளையடித்த சுவர்கள்: கென்ட் முதல் ஆம்ஸ்டர்டாம் வரை

செவ்வாய், கென்ட்

மகள் இங்கே முதுகலை படிக்கிறாள். தேர்வு முடிந்து அவளுக்கு ஒரு வாரம் ஓய்வு. இருவரும் ரயிலில் வடக்கே போகிறோம்: பெல்ஜியத்தில் கென்ட், ஆண்ட்வெர்ப், பிறகு நெதர்லாந்தில் உட்ரெக்ட், ஹார்லெம், ஆம்ஸ்டர்டாம். இரவில் அறைக்குத் திரும்பியதும் அன்றன்று எழுதிப் போட்டுவிடுவதாக ஏற்பாடு.

பல நாளாக மனதில் கிடந்த ஒரு கேள்விதான் இந்தப் பாதையைத் தேர்ந்தது. ஆண்ட்வெர்ப்பும் ஹார்லெமும் ஒரே மொழி பேசும் ஊர்கள். 16ஆம் நூற்றாண்டின் நடுவில் இரண்டுக்கும் ஒரே அரசர், ஒரே மதம். அதற்கு எழுபது எண்பது ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், ஒரு ஊரின் ஓவியர் தேவதூதர்களும் தசைநார் முறுக்கிய வீரர்களுமாகப் ஆலயப் பீடத்தின்மேல் வைக்கும் பெரும் பீடப்படங்களை நிரப்புகிறார். மற்ற ஊரில் மேசைமேல் ஒரு ரொட்டி, பாதி உரித்த எலுமிச்சை, ஒரு கண்ணாடிக் கோப்பை, படம் முடிந்துவிட்டது. இடையில் நடந்தது என்ன?

கென்ட்டில் பார்க்க வேண்டியது புனித பாவோ பேராலயத்தின் பீடப்படம். ஹூபர்ட், யான் வான் ஐக் சகோதரர்கள் 1432இல் முடித்தது. நடுப்பலகையில் ஒரு பீடத்தின்மேல் ஆட்டுக்குட்டி நிற்கிறது. அதன் மார்பிலிருந்து பீறிடும் இரத்தம் நேராகக் கிண்ணத்தில் விழுகிறது. கத்தோலிக்கருக்கு இது திருப்பலி. கிறிஸ்துவின் பலி ஒருமுறை நடந்து முடிந்துவிட்டது, அதைப் பீடத்தில் மறுபடி நிகழ்த்துவதாகச் சொல்வதும் அப்பத்தை ஆராதிப்பதும் விக்கிரக வழிபாடு என்றார்கள் புராட்டஸ்டன்ட்களில் ஒரு பிரிவான கால்வின் வழியினர். இன்று கண்ணாடிப் பேழைக்கு முன்னால் நின்று புல்லின் ஒவ்வோர் இதழையும் வியக்கிறோம். அன்று கோடரியோடு வந்தவன் புல்லைப் பார்த்திருக்க மாட்டான்.

1566 ஆகஸ்ட் 10 அன்று ஸ்டேன்வோர்ட் என்ற சிற்றூரில் ஒரு பிரசங்கம் முடிந்த கையோடு கூட்டம் பக்கத்திலிருந்த மடாலயத்தின் சிற்றாலயத்துக்குள் புகுந்து சுரூபங்களை, அதாவது புனிதர் சிலைகளை, உடைத்தது. இரண்டு வாரத்துக்குள் நாடெங்கும் தீ போலப் பரவியது. தானிய விலை ஏறியிருந்த காலம். புராட்டஸ்டன்ட்களை மதத் துரோகிகள் என்று பிடித்து எரித்த கோபமும் சேர்ந்திருந்தது. கென்ட்டில் கும்பல் வருவதற்குள் பேராலயக் காவலர்கள் பலகைகளைக் கழற்றிக் கோபுரத்துக்குள் ஏற்றிப் பூட்டிவிட்டார்கள். தப்பித்தது. 1934இல் ஒரு பலகையைத் திருடன் கொண்டுபோனான், அது இன்னும் கிடைக்கவில்லை, இருப்பது நகல். அது வேறு கதை.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். புராட்டஸ்டன்ட் என்றாலே படத்துக்கு எதிரி என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது தவறு. பத்துக் கட்டளைகளை எண்ணுவதிலேயே பிரிவு இருக்கிறது. உருவம் செய்யாதே என்பதைக் கத்தோலிக்கரும் லூத்தரன்களும் முதல் கட்டளைக்குள் அடக்குகிறார்கள். கால்வின் சபையினர் அதைத் தனியாக இரண்டாவது கட்டளையாக எண்ணுகிறார்கள். லூத்தர் சுரூப உடைப்பை விரும்பியவர் அல்லர். அவர் பிரசங்கம் செய்த விட்டன்பர்க் ஆலயத்திலேயே 1547இல் லூக்காஸ் கிரானாக் வரைந்த பீடப்படம் வைத்தார்கள்.

புதன், ஆண்ட்வெர்ப்

காலை ரயிலில் ஒரு மணி நேரம். மாதா பேராலயத்தின் கோபுரம் 123 மீட்டர்; நகருக்குள் எந்தச் சந்தில் திரும்பினாலும் அது மேலே நிற்கிறது.

இந்த ஆலயத்தை இருமுறை காலி செய்தார்கள். முதல்முறை 1566 ஆகஸ்ட் 20 அன்று, சம்மட்டியும் கயிறுமாக. இரண்டாவது 1581இல், நகரம் கால்வின் சபையினர் கையில் இருந்தபோது. அது அமைதியாக, நகர நிர்வாகத்தின் உத்தரவுப்படி நடந்தது. பீடங்கள் கழற்றப்பட்டன, பொருள்கள் விலைபோயின. எனக்கென்னவோ இந்த இரண்டாவதுதான் கனமான செய்தியாகப் படுகிறது. கும்பலின் வெறி ஓரிரு நாளில் தணிந்துவிடும். ரசீது போட்டுச் செய்த காரியம் தங்கிவிடும்.

1585 ஆகஸ்டில் ஸ்பெயின் தளபதி அலெக்சாந்தர் ஃபார்னேசே நீண்ட முற்றுகைக்குப் பின் நகரைப் பிடித்தார். புராட்டஸ்டன்ட்களுக்கு நான்கு ஆண்டு தவணை: மனம் மாறு, அல்லது சொத்தை விற்றுவிட்டுப் போ. வணிகர், நெசவாளர், அச்சுக்காரர், ஓவியர் என்று பாதி ஊர் கிளம்பிப் போனது. மறுபக்கம் ஷெல்ட் ஆற்றின் முகத்துவாரத்தை, ஸ்பெயினை எதிர்த்துப் போரிட்ட வடக்கத்தியர் (இன்றைய நெதர்லாந்துக்காரர்) அடைத்துவிட்டார்கள். துறைமுகத்தின் வருமானம் ஆம்ஸ்டர்டாமுக்குப் போனது.

மிச்சமிருந்த ஊருக்கு ஒரு வேலை காத்திருந்தது. ஒவ்வொரு தொழில் சங்கமும் பேராலயத்தில் தன் பீடத்தை மறுபடி கட்ட வேண்டும், புதுப் படம் வைக்க வேண்டும். கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம் 1563 டிசம்பரிலேயே தீர்ப்பு சொல்லியிருந்தது: படங்கள் இருக்கலாம், வணக்கம் படத்துக்கன்று, அதில் இருப்பவருக்கு, ஆனால் ஆபாசம் கூடாது, வழக்கமில்லாத உருவத்தை ஆயரின் ஒப்புதலின்றி வைக்கக் கூடாது. கொள்கை வந்துவிட்டது, காலிச் சுவர்களும் தயார். ஓவியர்களுக்கு இதைவிட நல்ல காலம் உண்டா?

திராட்சை மது விற்பவர்களின் சங்கம் கானாவூர்த் திருமணத்தைக் கேட்டு வாங்கியது. தண்ணீர் திராட்சை ரசமாக மாறிய கதை அல்லவா, கடைக்காரர்களுக்குப் பொருத்தம்! 1597இல் வரைந்தவர் மார்ட்டன் டெ வோஸ். இவர் லூத்தரன். 1585க்குப் பிறகு கத்தோலிக்கத் திருச்சபைக்குத் திரும்பி, ஊரின் பீடங்களுக்கு அடுத்தடுத்து வரைந்து தள்ளினார். மனம் மாறினாரா, தூரிகையைக் காப்பாற்றினாரா என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. விருந்துக் கூட்டம் மட்டும் வெகு உற்சாகமாக இருக்கிறது.

பிறகு ரூபன்ஸ். இவருடைய குடும்பக் கதையே இந்தப் பிளவின் கதை. தந்தை யான் ரூபன்ஸ் ஆண்ட்வெர்ப்பின் நகராட்சி உறுப்பினர். கால்வின் பக்கம் சாய்ந்தவர் என்ற பேர் வந்ததால் 1568இல் கொலோனுக்கு ஓடினார். அங்கே ஸ்பெயினுக்கு எதிரான கிளர்ச்சியின் தலைவர் ஆரஞ்சு வில்லியமின் மனைவி, சாக்சனியின் அன்னாவுக்கு ஆலோசகராகச் சேர்ந்து, ஆலோசனை எல்லை மீறிப்போய்ச் சிறைக்குப் போனார். மன்னித்து உடன் நின்றவர் மனைவி மரியா. இந்த அலங்கோலத்துக்கு நடுவே 1577இல் ஜெர்மனியின் ஸீகனில் பீட்டர் பால் பிறந்தார். தந்தை 1587இல் இறந்ததும் தாய் பிள்ளைகளோடு ஆண்ட்வெர்ப்புக்கே திரும்பி அவர்களைக் கத்தோலிக்கராக வளர்த்தார். கத்தோலிக்க ஐரோப்பாவின் ஆகப் பெரிய ஓவியர் அகதிக் குடும்பத்துப் பிள்ளை.

அதே சமயத்தில் எதிர்த்திசையில் இன்னொரு குடும்பம் போய்க்கொண்டிருந்தது. ஆண்ட்வெர்ப்பில் 1582 வாக்கில் பிறந்த ஒரு துணித் தொழிலாளியின் மகன். பெயர் ஃபிரான்ஸ் ஹால்ஸ். அவரைச் சனிக்கிழமை ஹார்லெமில் சந்திக்கலாம்.

ரூபன்ஸ் இத்தாலியிலிருந்து 1608இல் திரும்பினார். மறு ஆண்டே ஸ்பெயினுக்கும் வடக்குக்கும் பன்னிரண்டு ஆண்டுப் போர்நிறுத்தம். கையில் காசு வந்தது. 'சிலுவையை உயர்த்துதல்' முதலில் வந்தது. நடுப்பலகை மட்டும் நாலரை மீட்டருக்கு மேல் உயரம். ஒன்பது பத்து ஆட்கள் மூச்சு முட்ட இழுக்கிறார்கள், சிலுவை குறுக்காகப் படத்தைக் கிழித்துக்கொண்டு எழுகிறது. அடுத்து 'சிலுவையிலிருந்து இறக்குதல்', 1611இல் தொடங்கி 1614இல் முடிந்தது. கேட்டது துப்பாக்கி வீரர் சங்கம். அவர்களின் பாதுகாவலர் கிறிஸ்துவைத் தோளில் சுமந்த புனித கிறிஸ்தோபர். ஆனால் திரெந்துக்குப் பிறகு அரக்க உருவம் கொண்ட அவருடைய கதையை நடுப்பலகையில் வைப்பது சங்கடம். ரூபன்ஸ் தீர்வு கண்டார். இடது இறக்கையில், அதாவது மடிக்கும் பக்கப் பலகையில், கருவுற்ற மரியா, நடுவில் உடலைத் தாங்கும் சீடர்கள், வலது இறக்கையில் குழந்தையைக் கையில் ஏந்திய சிமியோன். மூன்றுமே கிறிஸ்துவைச் சுமப்பவர்கள். கிறிஸ்தோபர் இறக்கைகளின் வெளிப்புறத்தில், மூடினால் தெரியும்படி நிற்கிறார்.

இந்தப் படத்தின் முன் அரை மணி நேரம் உட்கார்ந்தோம். வெள்ளைத் துணியைப் பல்லால் கடித்துப் பிடித்திருக்கும் மேலே உள்ள கிழவரைத்தான் மகளுக்குப் பிடித்தது.

வியாழன், ஆண்ட்வெர்ப்

மழை. புனித சார்லஸ் பொரோமேயோ ஆலயத்துக்கு நனைந்துகொண்டே ஓடினோம். 1615 முதல் 1621 வரை இயேசு சபையார் கட்டியது. எதிராளி வெள்ளையடித்தால் நாம் பளிங்கு பதிப்போம் என்ற வீம்பு தெரியும் கட்டடம். பக்க நடைகளின் கூரைக்கு 39 ஓவியங்கள் வரைய ரூபன்ஸ் 1620இல் ஒப்பந்தம் போட்டார், இளம் வான் டைக் உதவியாளர். 1718இல் மின்னல் விழுந்து தீப்பிடித்தது. 39இல் ஒன்றும் மிஞ்சவில்லை. இந்தமுறை கால்வின் சபையினர் தேவைப்படவில்லை, வானமே உடைத்துப்போட்டது.

உயர்பீடத்தில் ஒரு வேடிக்கை. பீடப்படத்தைக் கயிறும் கப்பியும் கொண்டு மாற்றலாம். பின்னால் பல படங்கள் அடுக்கி வைத்திருந்து, காலத்துக்கேற்ப ஒன்றை இறக்கி ஒன்றை ஏற்றுவார்கள். அந்தப் பொறி இன்றும் வேலை செய்கிறது. முதலில் அதற்கென ரூபன்ஸ் வரைந்த இரண்டு படங்கள் இப்போது வியன்னாவில் இருக்கின்றன. ஒன்று இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியாரின் அற்புதங்கள். மற்றது நம்மவருக்குத் தெரிந்தவர்: சவேரியார். 1542 முதல் முத்துக்குளித்துறையில் பரதவர்களிடையே நடந்த அதே சவேரியார், இங்கே கறுப்பு அங்கியில் மேடையில் நின்று கையுயர்த்த, செத்தவர்கள் எழுகிறார்கள். பின்னால் ஒரு கோயில். அதில் கொம்பு முளைத்த சிலையொன்று வானிலிருந்து விழும் ஒளிபட்டு உடைந்து சாய்கிறது.

யோசித்துப் பாருங்கள். ஐம்பது ஆண்டுக்கு முன் இதே ஊரில் தங்கள் சுரூபங்கள் உடைந்து விழுந்ததைப் பார்த்தவர்களின் பிள்ளைகள், இன்னொருவரின் சிலை உடைவதைப் பெருமையோடு பீடத்தில் ஏற்றுகிறார்கள். நம் கரையிலிருந்து போன எவரும் அந்தக் கொம்புச் சிலையை அடையாளம் கண்டிருக்க முடியாது. அப்படி ஒரு சாமி நம்மிடம் கிடையாது.

மாலையில் யோர்டான்ஸ் பற்றிப் பேச்சு வந்தது. ரூபன்ஸுக்குப் பின் ஆண்ட்வெர்ப்பின் முதல் ஓவியர் யாக்கோப் யோர்டான்ஸ். கத்தோலிக்க ஆலயங்களுக்குப் பீடப்படங்கள் வரைந்துகொண்டே கால்வின் பக்கம் போனவர். 1650களில் 'அவதூறு எழுத்து' என்று அபராதமும் கட்டினார். ஆலயங்கள் அவரிடம் படம் கேட்பதை நிறுத்தவில்லை. 1678இல் இறந்தபோதுதான் கறார் காட்டினார்கள். உடலை எல்லை தாண்டி வடக்கே புட்டே என்ற ஊரில் புதைத்தார்கள்.

வெள்ளி, உட்ரெக்ட்

எல்லை தாண்டியாயிற்று. ரயிலில் யாரும் எதையும் கேட்கவில்லை.

டோம் ஆலயமும் அதன் கோபுரமும் தனித்தனியாக நிற்கின்றன. நடுவில் இருந்த மண்டபம் 1674இல் வீசிய புயலில் சரிந்துவிட்டது. இப்போது அங்கே சதுக்கம். ஆலயத்தின் ஒரு பக்கச் சிற்றாலயத்தில் மரியாவின் தாய் அன்னாவும் மரியாவும் குழந்தையும் உள்ள கற்சிற்பப் பீடம் ஒன்று உண்டு. வண்ணமும் பொன்னும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஆடையின் மடிப்புகள் முழுசாக இருக்கின்றன. முகங்கள் மட்டும் இல்லை. வரிசையாக, பொறுமையாக, உளியால் சீவியெடுத்திருக்கிறார்கள். பிறகு அதன் முன்னால் சுவர் எழுப்பிப் பூசி மறைத்துவிட்டார்கள். 1919இல் சுவரை எடுத்தபோது வெளியே வந்தது.

உடைத்தவனுக்குச் சிலையின் சக்தி தெரிந்திருக்கிறது என்பேன். வெறும் கல் என்று நினைத்திருந்தால் முகத்தை மட்டும் ஏன் குறி வைக்க வேண்டும்?

மற்றபடி நல்ல காபி கிடைத்தது, கால்வாயோரம் நடந்தோம்.

சனி, ஹார்லெம்

சந்தை நாள். சதுக்கம் முழுக்க மீனும் பாலாடைக்கட்டியும். நடுவில் புனித பாவோ ஆலயம். 1578இல் கால்வின் சபையினர் எடுத்துக்கொண்டது.

உள்ளே நுழைந்ததும் மகள் நின்றுவிட்டாள்.

"அப்பா, இதைப் பார்க்கவா டிக்கெட் எடுத்தீங்க? வெறும் சுவர்தானே இருக்கு."

"சுவரைத்தாம்மா பார்க்க வந்தோம்."

வெள்ளை. தூண், வளைவு, சுவர் எல்லாம் சுண்ணாம்பு. உயரச் சன்னல்களில் வண்ணக் கண்ணாடி குறைவு, வெளிச்சம் தடையில்லாமல் விழுகிறது. தரை முழுக்கக் கல்லறைக் கற்கள். உயர்பீடம் இருந்த பக்கத்தில் 1581இல் ஒரு பெரிய பலகை வைத்தார்கள். அதில் இராப்போசனம். ஆனால் மேசை இல்லை, சீடர்கள் இல்லை, யூதாசும் இல்லை, எழுத்துகள் மட்டும். மறுபக்கத்தில் 1572-73இல் ஸ்பெயின் படை ஊரை முற்றுகையிட்ட கதை, அதுவும் எழுத்தில். வசனமே படம் இருந்த இடத்தில் சட்டம் கட்டி ஏறிக்கொண்டது. இங்கிருந்த தொழில் சங்கங்களும் தங்கள் பீடம் போன இடத்தில் இப்படி எழுத்துப் பலகைகளைத் தொங்கவிட்டன. ஆண்ட்வெர்ப் மதுக்கடைக்காரர்களை நினைத்துக்கொண்டேன்.

இந்த வெள்ளைச் சுவரையே வாழ்நாள் வேலையாக்கிக்கொண்டவர் பீட்டர் சான்ரெடாம். அளவுக் கோலோடு ஆலயத்துக்குள் வந்து தூண் தூணாக அளப்பார், கோட்டோவியம் போடுவார், தேதியெழுதி வைப்பார். சில சமயம் ஆண்டுகள் கழித்து அதிலிருந்து ஓவியம் தீட்டுவார். 1636இல் உட்ரெக்ட்டில் மாதக்கணக்கில் தங்கி அங்குள்ள ஆலயங்களை வரைந்தார். நேற்று பார்த்த சரிந்துபோன மண்டபம் எப்படி இருந்தது என்பதற்கு அவர் கோடுகள் பெரிய சாட்சி. அவருடைய வெள்ளையில் எத்தனை நிறம்! சந்தனம், சாம்பல், ஓரிடத்தில் இளஞ்சிவப்பு. இதைக் கால்வின் சபையின் அழகு என்று எழுதிவிடத் தோன்றும். எழுதினால் அவரே மறுப்பார்: ஹார்லெம் ஆலயத்தை வரைந்த ஒரு படத்தில், அங்கே இல்லவே இல்லாத ஓர் ஆயரின் கல்லறையைக் கற்பனையில் கட்டி வைத்திருக்கிறார். வாங்கியவர் கத்தோலிக்கரோ, பழமையில் பற்றுள்ளவரோ. சான்ரெடாம் இந்த ஆலயத்திலேயே அடக்கமானார். ஃபிரான்ஸ் ஹால்ஸும் இங்கேதான்.

ஹால்ஸ் அருங்காட்சியகம் ஐந்து நிமிட நடை, பழைய முதியோர் இல்லம். பீடப்படம் கேட்க ஆலயம் இல்லாத ஊரில் யார் காசு கொடுத்தார்கள் என்பதற்கு அங்கே பதில் தொங்குகிறது: ஊர்க்காவல் படை அதிகாரிகள். 1616இல் புனித ஜார்ஜ் படையினரின் விருந்தை ஹால்ஸ் வரைந்தார். பீடப்படத்தில் வானதூதர்கள் இருந்த அளவில் இங்கே மது வணிகர்களும் நூல் வணிகர்களும் பட்டுக் கச்சையோடு நிற்கிறார்கள். பெயர் புனிதருடையது, புனிதரைக் காணோம்.

அதே அருங்காட்சியகத்தில் மார்ட்டன் வான் ஹேம்ஸ்கெர்க் 1532இல் ஓவியர் சங்கத்தின் பீடத்துக்கு வரைந்த படம் உண்டு: லூக்கா மாதாவை வரைகிறார். பீடம் போயிற்று, படம் நகரசபை கைக்கு வந்து பிழைத்தது. முழந்தாளிட்டுப் பார்த்த பொருள் கைகட்டிப் பார்க்கும் பொருளாயிற்று. ஐரோப்பாவில் அருங்காட்சியகம் எப்படிப் பிறந்தது என்ற கேள்விக்கு இதுவும் ஒரு விடை என்று நினைக்கிறேன்.

மற்ற ஓவியர்கள்? சந்தைக்குப் போனார்கள். யாரும் கேட்காமலே வரைந்து கடையில், கண்காட்சியில், லாட்டரிப் பரிசாகக்கூட விற்றார்கள். வீட்டுச் சுவருக்கு ஏற்ற அளவு, வீட்டுக்காரருக்குப் புரியும் பொருள். ஆளுக்கொரு சரக்கு: ஒருவர் கடல், ஒருவர் மாடு, ஒருவர் காலை உணவு. ரொட்டியும் எலுமிச்சையுமாக மேசை வரைந்த பீட்டர் கிளாஸ் ஆண்ட்வெர்ப்பை ஒட்டிய பெர்கெமில் பிறந்து ஹார்லெமுக்கு வந்தவர். 1640இல் ஆம்ஸ்டர்டாம் வந்த பீட்டர் மண்டி என்ற ஆங்கிலப் பயணி, கசாப்புக் கடையிலும் ரொட்டிக் கடையிலும்கூட ஓவியம் மாட்டியிருப்பதையும், கொல்லன் உலையருகே படம் வைத்திருப்பதையும் வியந்து எழுதினார். அவர் அதற்கு முன் ஆக்ரா வரை போய் வந்தவர், லேசில் வியப்பவர் அல்லர்.

விவிலியம் மறைந்துவிடவில்லை என்பதையும் சேர்க்க வேண்டும். ரெம்பிரான்ட் வாழ்நாள் முழுக்க அதிலிருந்தும் எடுத்தார். பீடத்திலிருந்து இறங்கிக் கூடத்துக்கு வந்தது, அவ்வளவே.

ஞாயிறு, ஆம்ஸ்டர்டாம்

மதியம், சிவப்பு விளக்குப் பகுதிக் கால்வாயோரம் ஒரு வீடு. வெளியே பார்த்தால் சாதாரண வணிகர் வீடு. உள்ளே குறுகிய படிகளில் ஏறி ஏறிப் போனால், பரணில் ஒரு முழு கத்தோலிக்க ஆலயம்! இரண்டு அடுக்கு மாடம், பளிங்கு போலத் தீட்டிய மரத்தூண்கள், பீடம், ஆர்கன். யான் ஹார்ட்மன் என்ற ஜெர்மானிய வணிகர் 1661 முதல் 1663 வரை மூன்று வீடுகளின் மேல்மாடிகளை இணைத்துக் கட்டியது. 'பரணில் நம் ஆண்டவர்' என்று பெயர். கத்தோலிக்கர் வெளிப்படையாக வழிபடத் தடை இருந்த காலம். ரகசியம் என்றால் ஊருக்கே தெரிந்த ரகசியம். தெருவில் ஆலயம் போலத் தெரியக் கூடாது, அதிகாரிக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான் விதி.

இதே டச்சுக்காரர்கள் 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தபோது இந்தக் கண்ஜாடை எல்லாம் கிடையாது. போர்த்துக்கேயர் ஆலயங்களைத் தங்கள் கால்வின் சபைக்கு மாற்றினார்கள், கத்தோலிக்கக் குருக்களைத் தடை செய்தார்கள். 1687இல் கோவாவிலிருந்து யோசேப் வாஸ் மாறுவேடத்தில் போய்த்தான் அங்கே பூசை செய்ய வேண்டியிருந்தது.

பரணின் பீடத்தில் இருப்பது கிறிஸ்துவின் திருமுழுக்கு. 1716இல் யாக்கோப் டெ விட் வரைந்தது. ஆம்ஸ்டர்டாம் கத்தோலிக்கர், படித்தது ஆண்ட்வெர்ப்பில். அங்கே இருக்கும்போது, 1711-12இல், வியாழனன்று நாங்கள் அண்ணாந்து பார்த்த கூரையின் ரூபன்ஸ் ஓவியங்களை ஒன்றொன்றாகக் காகிதத்தில் படியெடுத்தார். ஆறேழு ஆண்டில் அவை எரிந்துபோயின. அந்தக் கூரையைப் பற்றி இன்று தெரிந்ததில் பெரும் பங்கு இந்த வடக்கத்தியரின் படிகளால்தான். இங்கும் பீடப்படம் மாற்றக் கூடியது. இடநெருக்கடி வேறு, பிரசங்க மேடையே பீடத்துத் தூணுக்குள் மடிந்து ஒளிந்துகொள்கிறது.

மீதி நேரம் ரெய்க்ஸ் அருங்காட்சியகம். 1885இல் திறந்த இந்தக் கட்டடத்தைக் கட்டிய பீட்டர் குய்பர்ஸ் கத்தோலிக்கர். வண்ணக் கண்ணாடியும் வளைவுமாக அவர் எழுப்பியதைப் பார்த்துப் புராட்டஸ்டன்ட்கள் முகம் சுளித்தார்கள். மூன்றாம் வில்லியம் மன்னர் 'அந்த மடத்துக்குள்' கால் வைக்க மாட்டேன் என்று இருந்துவிட்டார். கோடரி ஓய்ந்து முந்நூறு ஆண்டுக்கு மேல் ஆகியும் சண்டை கட்டடத்தின் வளைவில் தொடர்ந்தது.

சான்ரெடாம் 1649இல் வரைந்த அசென்டெல்ஃப்ட் ஆலயம் இங்கே இருக்கிறது. அவர் பிறந்த ஊர். தரையில் அவருடைய தந்தையின் பெயர் பொறித்த கல் தெரிகிறது. சுவரில் எதுவும் இல்லை.

கடைசியாக ரெம்பிரான்ட்டின் துணிச் சங்கத்து மேற்பார்வையாளர்கள், 1662. துணியின் தரத்தைச் சோதிக்கும் ஐந்து பேர் கணக்குப் புத்தகத்திலிருந்து தலை நிமிர்ந்து நம்மைப் பார்க்கிறார்கள். இருவர் கத்தோலிக்கர், ஒருவர் கால்வின் சபை, ஒருவர் மென்னோனைட் என்ற இன்னொரு புராட்டஸ்டன்ட் பிரிவு, ஒருவர் கால்வின் சபையிலிருந்து பிரிந்த ரெமான்ஸ்ட்ரன்ட். ஐவருக்கும் ஒரே கறுப்பு உடை, ஒரே வெள்ளைக் கழுத்துப்பட்டை, ஒரே தொப்பி. யார் எந்தச் சபை என்று மகளிடம் ஊகிக்கச் சொன்னேன்.

"நடுவுல இருக்கறவர் கத்தோலிக்கர். ஜாலியா இருக்கார்."

அவர் கால்வின் சபை.

இல்லை என்று நான் சொல்வதற்குள் கூட்டம் எங்களை அடுத்த படத்துக்குத் தள்ளிவிட்டது.